முக்கியமான மெயில் ஸ்பேமில் தொலையாமல் இருக்க: எந்த வழி யாருக்குப் பொருந்தும்?

ஒரு மொழிபெயர்ப்பு வேலைக்கு விண்ணப்பித்திருந்தேன். மாதிரிப் பக்கங்களை அனுப்பி ஒரு மாதத்துக்கு மேல் ஆகியும் பதில் இல்லை. சரி, வேறு யாரையாவது எடுத்துக்கொண்டிருப்பார்கள் என்று விட்டுவிட்டேன். அப்புறம் ஒரு நாள் தொலைபேசி வந்தது. "மூணு மெயில் அனுப்பிட்டோம், ஒண்ணுக்கும் பதில் வரலையே. உங்களுக்கு விருப்பமில்லைன்னு நினைச்சு வேற ஒருத்தருக்குக் குடுக்கப் போறோம். எதுக்கும் ஒரு வார்த்தை கேட்டுடலாம்னுதான் கூப்பிட்டேன்." எனக்கு ஒரு மெயிலும் வரவில்லை என்று உறுதியாகச் சொன்னேன். பேசிக்கொண்டே ஜிமெயில் தேடலில் அவர் பெயரைப் போட்டும் பார்த்தேன். நான் அனுப்பியது மட்டும்தான் வந்தது.

அழைப்பு முடிந்த பிறகு ஸ்பேம் பெட்டியைத் திறந்தேன். மூன்று மெயிலும் அங்கே இருந்தன. முதலாவது வந்து 26 நாள் ஆகியிருந்தது. ஸ்பேமில் விழுந்ததை ஜிமெயில் 30 நாளில் தானாகவே அழித்துவிடும். அந்த அழைப்பு ஒரு வாரம் தள்ளி வந்திருந்தால் முதல் மெயிலின் தடயம்கூட இருந்திருக்காது. மெயில் அனுப்பவே இல்லை என்று நானும், வேண்டுமென்றே பதில் போடவில்லை என்று அவர்களும் கடைசி வரை நினைத்துக்கொண்டிருந்திருப்போம்.

இதில் என்னை அதிகம் உறுத்தியது வடிகட்டி தப்பு செய்தது அல்ல. தப்பு நடந்தது இரண்டு பக்கமும் தெரியாமல் போனதுதான். முகவரி தவறென்றால் மெயில் திரும்பி வரும், அனுப்பியவருக்குத் தெரியும். ஸ்பேமில் விழுந்தாலோ அவர் பக்கம் 'போய்விட்டது' என்றுதான் காட்டும். என் பக்கம் ஒரு மணிகூட அடிக்காது. அதனால் கீழே உள்ள ஒவ்வொரு வழியையும் நான் ஒரே கேள்வியை வைத்துத்தான் எடை போடுகிறேன்: இந்த வழி தவறும்போது யாருக்காவது தெரியவருமா?

எங்கே தொலைகிறது என்று முதலில் பாருங்கள்

'மெயில் வரவில்லை' என்று நாம் சொல்வதற்குள் நாலு வேறு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, பெறும் சர்வர் வாசலிலேயே மறுத்துவிட்டது. இப்படி நடந்தால் அனுப்பியவருக்கு மறுப்புக் கடிதம் போகும். உங்கள் செட்டிங்ஸில் எதை மாற்றினாலும் பயனில்லை, ஏனென்றால் மெயில் உங்கள் கணக்குக்குள் வரவே இல்லை. இரண்டு, ஸ்பேம் பெட்டி. மூன்று, ஸ்பேமே இல்லை. ஜிமெயிலில் விளம்பரங்கள் பகுதியிலோ, அவுட்லுக்கில் 'மற்றவை' பகுதியிலோ உட்கார்ந்திருக்கிறது. ஜிமெயில் இந்தப் பகுதிகளைப் பிரித்தது 2013-ல். இன்றும் பலர் அங்கே எட்டிப் பார்ப்பதில்லை. நாலாவது அலுவலக மெயில்களுக்கு உரியது. உங்கள் ஸ்பேம் பெட்டிக்குக்கூட வராமல், நிர்வாகியின் கட்டுப்பாட்டில் உள்ள தனித் தடுப்புப் பகுதியில் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும். அங்கே நிற்பவற்றின் பட்டியலை அவ்வப்போது மெயிலாக அனுப்பும் வசதி பெரும்பாலான அமைப்புகளில் உண்டு. உங்களுக்கு அது வருவதில்லை என்றால் ஐடி ஆட்களிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல முதல் அடி வேறில்லை.

நான் தேடியும் கிடைக்காததற்குக் காரணம் எளிது. ஜிமெயிலின் சாதாரணத் தேடல் ஸ்பேமையும் குப்பைத்தொட்டியையும் பார்ப்பதே இல்லை. கணினியில் தேடல் பெட்டியின் வலது ஓரத்தில் உள்ள குறியை அழுத்தினால் ஒரு படிவம் விரியும். அதன் கடைசியில் எங்கே தேட வேண்டும் என்று கேட்கும் இடத்தில், ஸ்பேமும் குப்பைத்தொட்டியும் சேர்ந்த தேர்வை எடுக்க வேண்டும். இது தெரியாமல் 'தேடிப் பார்த்துவிட்டேன், வரவே இல்லை' என்று சத்தியம் செய்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஸ்பேம் பெட்டியைத் தினமும் பார்ப்பது

எல்லோரும் சொல்லும் அறிவுரை இது. முதல் வாரம் ஒழுங்காக நடக்கும். அப்புறம் நாற்பது ஐம்பது தலைப்புகளைக் கண் மேலோட்டமாகத் தடவிக்கொண்டு போகும். ஒரே மாதிரி குப்பையைத் தினமும் பார்க்கும் கண், நடுவில் இருக்கும் நல்லதையும் குப்பையாகவே பார்க்கப் பழகிவிடுகிறது. தினமும் பார்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அதற்குப் பதில், எதையாவது எதிர்பார்த்துக் காத்திருக்கும் நாட்களில் வாரம் ஒருமுறை ஸ்பேமுக்குள் குறிப்பான சொல்லைப் போட்டுத் தேடுங்கள். உங்கள் முழுப் பெயர், விண்ணப்ப எண், அந்த நிறுவனத்தின் பெயர். பொய் மெயிலில் உங்கள் விண்ணப்ப எண் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. 30 நாள் கெடுவுக்குள் வாரம் ஒரு தேடல் என்றால் ஒவ்வொரு மெயிலுக்கும் குறைந்தது நாலு முறை கண்ணில் பட வாய்ப்பு. ஒரு எச்சரிக்கை: ஸ்பேமுக்குள் அவசரமாகத் துழாவும்போது, வங்கி பெயரில் வந்த போலி மெயிலையும் 'ஐயோ, இதுவும் இங்கே விழுந்துவிட்டதே' என்று வெளியே எடுத்துவிடுவது உண்டு. அங்கிருந்து எடுக்கும் எதிலும் லிங்கை அழுத்தாமல், சம்பந்தப்பட்ட தளத்துக்கு நேரே போய்ப் பார்ப்பதுதான் பத்திரம்.

'ஸ்பேம் அல்ல' பொத்தானும் தொடர்புப் பட்டியலும்

ஜிமெயிலில் ஸ்பேமில் விழுந்த மெயிலைத் திறந்தால் மேலே ஒரு பட்டை தெரியும். இது ஏன் இங்கே வந்தது என்று அதில் ஒரு வரியில் காரணம் இருக்கும். முன்பு ஸ்பேம் என்று அடையாளம் காணப்பட்ட மெயில்களைப் போலவே இருக்கிறது, அனுப்புநர் யார் என்று உறுதி செய்ய முடியவில்லை, இப்படி. அந்த வரியைப் படிக்காமல் பொத்தானை அழுத்திவிடாதீர்கள். அனுப்புநரை உறுதி செய்ய முடியவில்லை என்று இருந்தால் கோளாறு அனுப்பியவர் பக்கம் இருக்கலாம், நீங்கள் எத்தனை முறை அழுத்தினாலும் அது தீராது.

வடிகட்டிக்குக் கற்றுக்கொடுக்கலாம் என்ற எண்ணம் 2002-க்குப் பிறகு பரவலானது. பதினெட்டாம் நூற்றாண்டுக் கணிதர் தாமஸ் பேயஸின் நிகழ்தகவு விதியை வைத்து, எந்தச் சொல் குப்பையில் அதிகம், எந்தச் சொல் நல்ல மெயிலில் அதிகம் என்று எண்ணிப் பார்த்து முடிவெடுக்கும் முறை அது. உங்கள் கணினியிலேயே ஓடும் வடிகட்டி என்றால் நீங்கள் சொல்லிக்கொடுப்பது முழுதாக உங்களுக்கே வேலை செய்யும். பெரிய மெயில் சேவைகளில் உங்கள் அழுத்தம் கோடிக்கணக்கான அழுத்தங்களில் ஒன்று. உங்கள் கணக்கு வரை அதற்கு மதிப்பு உண்டு, உத்தரவாதம் கிடையாது. முகவரியைத் தொடர்புப் பட்டியலில் சேர்ப்பதும் அப்படித்தான். உதவும், நம்பிவிட முடியாது.

இந்த வகையில் எனக்கு மிகவும் பிடித்தது, முதல் மெயிலை நாமே அனுப்பிவிடுவது. இணையப் படிவத்தை நிரப்பிவிட்டுக் காத்திருக்காமல், அவர்கள் முகவரிக்கு இரண்டு வரி எழுதுங்கள். அவர்கள் அதற்குப் பதிலாக எழுதுவது நீங்கள் தொடங்கிய உரையாடலில் வந்து சேரும். நீங்களே எழுதிய முகவரியிலிருந்து வரும் பதிலை வடிகட்டிகள் பெரும்பாலும் நம்பும்.

விதி எழுதி வைப்பது: பெரும்பாலோருக்கு இதுதான்

பெறுபவர் பக்கம் செய்யக்கூடியவற்றில் எனக்கு நம்பிக்கை உள்ள வழி இது. ஜிமெயிலில் செட்டிங்ஸ் போய், ஃபில்டர்கள் பகுதியில் புதிய ஃபில்டர் ஒன்றை உருவாக்கி, அனுப்புநர் இடத்தில் முகவரியைப் போட்டு, அடுத்த திரையில் 'ஒருபோதும் ஸ்பேமுக்கு அனுப்பாதே' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கைபேசிச் செயலியில் இதைச் செய்ய முடியாது, கணினியின் உலாவியில்தான் முடியும். அவுட்லுக்கில் இதற்குப் பாதுகாப்பான அனுப்புநர் பட்டியல் என்று தனியாகவே ஓர் இடம் இருக்கிறது.

இதில் ஒரு நல்ல குணம், தவறினால் சொல்லிவிடும். வடிகட்டி ஸ்பேம் என்று நினைத்த மெயிலை உங்கள் விதி காப்பாற்றினால், ஜிமெயில் அந்த மெயிலின் தலையிலேயே 'நீங்கள் உருவாக்கிய ஃபில்டரால்தான் இது ஸ்பேமுக்குப் போகவில்லை' என்று எழுதிக் காட்டும். மெயில் கிடைத்துவிட்டது, சந்தேகமும் தெரிந்துவிட்டது.

ஆனால் விதியில் எதை எழுதுவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஒரே ஒரு முகவரியைப் போட்டால் பாதுகாப்பு அதிகம். ஆனால் ஒரு பல்கலைக்கழகத்தில் அலுவலர் ஒரு முகவரியிலிருந்து எழுதுவார், நேர்காணல் தேதி வேறொரு தானியங்கி முகவரியிலிருந்து வரும், கட்டண ரசீது மூன்றாவதிலிருந்து. நீங்கள் பார்த்தே இராத முகவரியை எப்படி முன்கூட்டி எழுதி வைப்பது? அதனால் '@' குறிக்குப் பின்னால் வரும் டொமைன் முழுவதையும் அனுமதித்துவிடத் தோன்றும். சிறிய நிறுவனத்தின் சொந்த டொமைன் என்றால் பெரிதாகக் கெடுதல் இல்லை. பெரிய, எல்லோருக்கும் தெரிந்த டொமைனை மொத்தமாக அனுமதிப்பது கதவைத் தாழ் போடாமல் விடுவது மாதிரி. மோசடிக்காரர்கள் வேஷம் போடுவதும் அந்தப் பெயர்களில்தான். இலவச மெயில் சேவைகளின் டொமைனை அனுமதித்தால் உலகத்தில் யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம். உங்கள் சொந்த முகவரியையோ சொந்த டொமைனையோ அனுமதிப் பட்டியலில் போடுவது இன்னும் மோசம். நீங்களே உங்களுக்கு அனுப்பியது போல வரும் மிரட்டல் மெயில்கள் அந்த வழியாகத்தான் நுழையும். தங்கள் சொந்த டொமைன்களையும் பிரபல டொமைன்களையும் அனுமதிப் பட்டியலில் சேர்க்க வேண்டாம் என்று மைக்ரோசாஃப்டே நிர்வாகிகளுக்கு எழுதி வைத்திருக்கிறது.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. நான் இப்போது செய்வது அதுதான். ஃபில்டர் படிவத்தில் அனுப்புநர் இடத்தில் டொமைனைப் போடுகிறேன், கீழே 'இந்தச் சொற்கள் இருக்க வேண்டும்' என்ற இடத்தில் என் விண்ணப்ப எண்ணையோ முழுப் பெயரையோ போடுகிறேன். இரண்டும் பொருந்தினால்தான் விதி வேலை செய்யும். பொய் வேஷம் போட்டு வருபவருக்கு டொமைன் தெரியும், என் எண் தெரியாது. வேலை முடிந்ததும் அந்த விதியை அழித்துவிடுகிறேன்.

இதன் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். வாசலிலேயே மறுக்கப்பட்ட மெயிலுக்கு இந்த விதி எட்டாது. யாரிடமிருந்து வரும் என்றே தெரியாத மெயிலுக்கு இது உதவாது. பழைய நண்பர் ஒருவர் புது முகவரியிலிருந்து எழுதுகிறார், உங்கள் வேலையைப் பார்த்துவிட்டு முன்பின் தெரியாத ஒருவர் எழுதுகிறார் என்றால் மேலே சொன்ன வாராந்திரத் தேடல் மட்டும்தான் துணை.

வடிகட்டியையே நிறுத்திவிட்டால்?

கோபத்தில் தோன்றும் யோசனை. உலகத்தில் ஓடும் மின்னஞ்சலில் ஏறத்தாழ பாதி குப்பை. ஜிமெயில் மட்டும் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1,500 கோடி வேண்டாத மெயில்களைத் தடுக்கிறது என்று கூகுள் சொல்கிறது. அந்த வெள்ளம் இன்பாக்ஸுக்குள் வந்தால் முக்கியமான மெயில் ஸ்பேமில் தொலைவதற்குப் பதில் இன்பாக்ஸிலேயே தொலையும். இதிலும் யாருக்கும் எதுவும் தெரியாது. எனவே வேண்டாம்.

சொந்த மெயில் சர்வர் நடத்துபவர்களுக்கு மட்டும் இதில் ஒரு நல்ல இடைவழி உண்டு. ஸ்பேம்அசாசின் போன்ற வடிகட்டி ஒவ்வொரு மெயிலுக்கும் மதிப்பெண் போடும். வழக்கமான கோடு 5. அதைத் தாண்டினால் குப்பை. 5-க்கு மேல், ஆனால் 8-க்குள் இருப்பவற்றை ஒதுக்காமல், தலைப்பின் முன்னால் ஓர் அடையாளம் மட்டும் சேர்த்து இன்பாக்ஸுக்கே விடலாம். 8-ஐத் தாண்டியதை ஸ்பேம் பெட்டிக்கு அனுப்பலாம். மிக மோசமானவற்றை வாசலிலேயே மறுத்துவிடலாம். அப்போது தவறு நடந்தாலும் அனுப்பியவருக்கு மறுப்பு போய்ச் சேரும். சத்தமில்லாமல் விழுங்குவதைவிட அது எவ்வளவோ மேல்.

'நீங்கள் மனிதர்தான் என்று நிரூபியுங்கள்' என்று ஒவ்வொரு புது அனுப்புநருக்கும் பதில் அனுப்பும் சேவைகளும் இருக்கின்றன. அவை வேண்டவே வேண்டாம். தானாகப் போகும் அனுமதிக் கடிதமும் கடவுச்சொல் மாற்றும் மெயிலும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது. போலி முகவரியில் வந்த குப்பைக்கு நீங்கள் அனுப்பும் கேள்வியோ, சம்பந்தமே இல்லாத யாரோ ஒருவர் தலையில் போய் விழும்.

முக்கியமானவற்றுக்குத் தனி முகவரி

வங்கி, மருத்துவம், படிப்பு, வேலை இவற்றுக்கு ஒரு முகவரி, மற்றதெல்லாம் வேறொன்று. இது நல்ல ஏற்பாடு. குப்பை குறைவாக வரும் கணக்கில் ஸ்பேம் பெட்டி கிட்டத்தட்ட காலியாக இருக்கும், அங்கே விழுந்தது பளிச்சென்று தெரியும். நாற்பதுக்கு நடுவில் ஒன்றைத் தேடுவதும் மூன்றுக்கு நடுவில் தேடுவதும் ஒன்றல்ல.

குறை என்னவென்றால் ஒழுக்கம் வேண்டும். ஒரே ஒரு முறை அந்த முகவரியைக் கண்ட இடத்தில் கொடுத்தால் போதும், சுத்தம் போய்விடும். இன்னொன்று, அபூர்வமாக மெயில் வரும் கணக்கை நாமும் அபூர்வமாகத்தான் திறப்போம். கைபேசியில் அந்தக் கணக்குக்கும் அறிவிப்பு வரும்படி வைக்கவில்லை என்றால் இந்த ஏற்பாட்டால் நன்மையைவிடத் தீமை அதிகம். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு, மாணவர்களுக்கு, நான் இதையே முதலில் சொல்வேன். பத்துப் பதினைந்து வருஷம் ஒரே முகவரியில் வாழ்ந்துவிட்டவர்கள் மாறுவது கஷ்டம். அவர்களுக்கு மேலே சொன்ன விதிகள் போதும்.

ஃபார்வர்டு: உதவி மாதிரி தெரியும் பொறி

என் மூன்று மெயில்களும் ஏன் தொலைந்தன என்று பிறகு உட்கார்ந்து பார்த்தேன். மெயிலின் மூன்று புள்ளி மெனுவில் 'மூலத்தைக் காட்டு' என்று இருக்கும். அழுத்தினால் மேலே ஒரு சின்ன அட்டவணை வரும். என் மெயிலில் எஸ்பிஎஃப் என்ற வரிக்கு எதிரே தேர்ச்சி இல்லை. டிகிம் என்ற வரியே இல்லை. அதன் கீழே நீளமாக ஓடும் எழுத்துக்களில், மெயில் முதலில் என் பழைய கல்லூரி முகவரிக்குப் போய், அங்கிருந்து ஜிமெயிலுக்கு வந்தது தெரிந்தது. நான் அனுப்பிய சுயவிவரத்தில் அந்தப் பழைய முகவரிதான் இருந்தது. எல்லாம் ஜிமெயிலுக்கு ஃபார்வர்டு ஆகிறதே என்று பல வருஷமாக அதை மாற்றாமல் விட்டிருந்தேன்.

எஸ்பிஎஃப் என்பது ஒரு டொமைனின் மெயிலை யார் யார் கொண்டுவரலாம் என்ற பட்டியல். எங்கள் கடிதங்களை இன்னின்ன தபால்காரர்கள்தான் கொண்டுவருவார்கள் என்று முன்கூட்டியே எழுதி ஒட்டி வைப்பது போல. கல்லூரி சர்வர் அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஜிமெயில் வாசலுக்கு வரும்போது, அது பட்டியலில் இல்லாத புதுத் தபால்காரர். சந்தேகம் வரத்தான் செய்யும். டிகிம் என்பது கடிதத்தின் மேல் வைத்த அரக்கு முத்திரை. யார் கொண்டுவந்தாலும் முத்திரை உடையாமல் இருந்தால் கடிதம் உண்மையானதுதான். என்னிடம் வந்ததில் முத்திரையும் இல்லை, தபால்காரரும் தெரிந்தவர் இல்லை.

போதாக்குறைக்கு, ஃபார்வர்டு வைத்திருந்தால் இரண்டு வடிகட்டிகள் குறுக்கே நிற்கின்றன. ஜிமெயிலிலிருந்து வேறு கணக்குக்கு ஃபார்வர்டு வைத்திருக்கிறீர்கள் என்றால், ஜிமெயிலின் ஸ்பேமில் விழுந்தது ஃபார்வர்டு ஆகாது. நீங்கள் திறந்தே பார்க்காத பழைய கணக்கின் ஸ்பேமில் அது கிடந்து 30 நாளில் மறைந்துபோகும்.

எனவே ஃபார்வர்டைவிட, பழைய கணக்கையும் கைபேசியின் மெயில் செயலியில் தனிக் கணக்காகச் சேர்த்து நேரே பார்ப்பது மேல். அதோடு, பழைய முகவரி எங்கெல்லாம் எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு மாலை உட்கார்ந்து மாற்றிவிடுங்கள். நான் அப்படித்தான் செய்தேன். சுயவிவரம், இரண்டு வங்கிக் கணக்கு, ஒரு காப்பீடு, எழுத்தாளர் பட்டியல் ஒன்று. ஒரு மணி நேர வேலைதான்.

அனுப்புபவர் நீங்கள் என்றால்

உங்கள் மெயில்தான் அடிக்கடி மற்றவர்களின் ஸ்பேமில் விழுகிறது என்றால், ஒவ்வொருவரிடமும் 'ஸ்பேமில் பாருங்கள்' என்று கேட்டுக்கொண்டிருப்பது தீர்வாகாது. சரிசெய்ய வேண்டிய இடம் உங்கள் டொமைன்.

விளம்பர மெயிலின் வரலாறு 1978-லேயே தொடங்கிவிட்டது. ஒரு கணினி நிறுவனத்தின் விற்பனையாளர் இணையத்தின் முன்னோடியான அர்பாநெட் வழியாகச் சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். ஆனாலும் 1982-ல் மெயில்களைக் கொண்டுசெல்வதற்கான எஸ்எம்டிபி விதிமுறை எழுதப்பட்டபோது, அனுப்புநர் உண்மையில் அவர்தானா என்று சரிபார்க்கும் ஏற்பாடு அதில் சேரவில்லை. எஸ்பிஎஃப், டிகிம், இரண்டையும் கட்டிப்போடும் டிமார்க் எல்லாம் பிற்பாடு ஒட்டிய ஒட்டுகள். டிமார்க் 2012-ல் வெளியானது. மேலே உள்ள இரண்டு சோதனைகளில் ஒன்றாவது, அனுப்புநர் இடத்தில் தெரியும் அதே டொமைனின் பெயரில் தேறியதா, தேறாவிட்டால் அந்த மெயிலை என்ன செய்வது என்று டொமைன்காரரே அறிவித்து வைக்கும் முறை அது.

முன்பெல்லாம் இவை இருந்தால் நல்லது என்ற அளவில் இருந்தன. 2024 பிப்ரவரியிலிருந்து, ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளில் 5,000-க்கு மேல் மெயில் அனுப்புபவர்களுக்கு மூன்றும் கட்டாயம் என்று கூகுள் கொண்டுவந்தது, யாஹூவும் சேர்ந்துகொண்டது. 2025 மே மாதம் மைக்ரோசாஃப்டும் தன் அவுட்லுக் முகவரிகளுக்கு இதையே தொடங்கியது. குறைவாக அனுப்புபவர்களும் எஸ்பிஎஃப், டிகிம் இரண்டில் ஒன்றையாவது வைத்திருக்க வேண்டும் என்கிறது கூகுள். ஒன்று மட்டும் போதுமா என்று கேட்டால், என் கதையே பதில். எஸ்பிஎஃப் மட்டும் வைத்திருந்த அந்த நிறுவனத்தின் மெயில் ஃபார்வர்டு வழியில் அடிபட்டது. இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் டிகிமைச் செய்யுங்கள். முடிந்தால் மூன்றையும். உங்கள் மெயில் சேவையின் உதவிப் பக்கம் தரும் சில வரிகளை டொமைனின் டிஎன்எஸ் பதிவுகளில் (டொமைன் பெயர்களுக்கான பொது முகவரிப் புத்தகம் மாதிரி) சேர்ப்பதுதான் பெரும்பாலும் வேலை. டிமார்க் போட்டுவிட்டால், உங்கள் பெயரில் போன மெயில்கள் எங்கே எப்படித் தேறின என்ற அறிக்கை பெறும் சேவைகளிடமிருந்து உங்களுக்கு வரத் தொடங்கும். அனுப்பியவர் பக்கம் இருந்த இருட்டில் கொஞ்சமாவது வெளிச்சம் தருவது இந்த அறிக்கைதான்.

சிறு நிறுவனங்களில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் ஒரு கோளாறு, இணையதளத்தின் 'எங்களைத் தொடர்புகொள்ள' படிவம். வாடிக்கையாளர் தன் முகவரியைப் போட்டு எழுதுகிறார். படிவம் அந்த முகவரியையே அனுப்புநர் இடத்தில் வைத்து மெயிலை உங்களுக்கு அனுப்புகிறது. பெறும் சர்வர் பார்க்கிறது: ஜிமெயில் முகவரி, ஆனால் கூகுளின் சர்வரிலிருந்து வரவில்லை. பொய் மெயில் என்று ஒதுக்குகிறது. வாடிக்கையாளர் விசாரித்தது உங்களுக்குத் தெரியவே தெரியாது. சரிசெய்வது சுலபம். அனுப்புநர் இடத்தில் உங்கள் டொமைன் முகவரி ஒன்று, 'பதில் போக வேண்டிய முகவரி' என்ற இடத்தில் வாடிக்கையாளருடையது. படிவத்தை அமைத்தவரிடம் இந்த ஒரு வரியைச் சொன்னால் போதும்.

தலைப்பில் 'இலவசம்' என்ற சொல் வரக்கூடாது என்பது போன்ற அறிவுரைகளுக்கு இன்று முன்பு போல மதிப்பில்லை. டொமைனின் நற்பெயரும் பெறுபவர்கள் எத்தனை பேர் 'ஸ்பேம்' என்று அழுத்துகிறார்கள் என்பதும்தான் அதிகம் பேசுகின்றன. அந்தப் புகார் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது என்பது கூகுளின் கோடு. செய்திமடலையும் ரசீது, அனுமதிக் கடிதம் போன்றவற்றையும் ஒரே முகவரியிலிருந்து அனுப்புபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். செய்திமடல் சலித்துப்போனவர் அழுத்தும் ஒவ்வொரு 'ஸ்பேம்' அழுத்தமும் அடுத்தவரின் ரசீதைக் கீழே தள்ளுகிறது. இரண்டையும் வெவ்வேறு துணை டொமைன்களில் (டொமைன் பெயருக்கு முன்னால் ஒரு சொல் சேர்த்து அமைப்பவை) பிரித்துவிடுங்கள். மற்றபடி, படத்தை மட்டும் வைத்து வாசகமே இல்லாத மெயில், சுருக்கிய லிங்க், மறைநகலில் (பிசிசி) அறுபது பேரைப் போட்டு ஒரே அடியாக அனுப்புவது, இவற்றைத் தவிர்த்தால் போதும்.

வேறு வழியாக ஒரு வார்த்தை

எல்லா ஏற்பாடும் இருந்தும் தவறும். ஒரு வேலை நியமனம், ஒப்பந்தம், மருத்துவ அறிக்கை, கடைசித் தேதி உள்ள எதுவானாலும், மெயிலை மட்டும் நம்பாமல் ஒரு குறுஞ்செய்தியோ அழைப்போ சேர்ந்து போக வேண்டும். 'இன்று காலை மெயில் அனுப்பியிருக்கிறேன், வந்ததா?' என்ற ஒரு வரி போதும். படித்ததும் ரசீது அனுப்பும் வசதியை இதற்கு மாற்றாக நினைக்காதீர்கள். ரசீது வராததற்கு அவர் மறுத்ததும் காரணமாக இருக்கலாம், மெயில் ஸ்பேமில் கிடப்பதும் காரணமாக இருக்கலாம், பிரித்தறிய முடியாது. நூறு பேருக்கு அழைப்பது முடியாத காரியம், உண்மைதான். ஆனால் நம் வாழ்க்கையில் தொலைந்தால் திரும்பாத மெயில்கள் வருஷத்துக்கு விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவற்றுக்கு அழைக்கலாம்.

என் ஏற்பாடு இப்போது இப்படி இருக்கிறது: காத்திருக்கும் விஷயத்துக்கு ஒன்றாக டொமைனும் எண்ணும் சேர்ந்த மூன்று நாலு விதிகள், ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்பேமுக்குள் என் பெயரைப் போட்டு ஒரு தேடல், ஃபார்வர்டு எதுவும் இல்லை. அந்த மொழிபெயர்ப்பு வேலை, அவர்கள் பெருந்தன்மையால், கடைசியில் எனக்கே வந்தது. ஒவ்வோர் அத்தியாயத்தை அனுப்பும்போதும் அன்று அழைத்தவருக்கு ஒரு குறுஞ்செய்தி போடுகிறேன். 'வந்துடுச்சு' என்று அவர் பதில் போட்ட பிறகுதான் அடுத்த அத்தியாயத்தை எடுக்கிறேன்.